அம்மா சாகிற நாவல் ஒன்று வேண்டும்

படிக்க நல்ல நாவல் ஏதாவது சொல்லுங்கள் என்று யாராவது கேட்டால் ஒரு காலத்தில் எனக்குத் தலைகால் புரியாது. கல்யாணப் பந்தியில் கேட்டாலும் சொல்வேன், ரேஷன் கடை வரிசையில் கேட்டாலும் சொல்வேன். கேட்காதவர்களையும் விட்டதில்லை. ஆளைப் பார்த்ததுமே, இவளுக்குக் காதல் கதை ஒத்துவராது, இவளுக்கு மந்திரம் மாயம்தான் சரி என்று எடை போட்டுவிடுகிற திமிர் வேறு. பக்க முனையை மடித்து வைத்துத் திருப்பிக் கொடுத்தவர்களோடு மாதக்கணக்கில் பேசாமல் இருந்திருக்கிறேன்.

இந்த அலட்டலுக்கெல்லாம் இடம், காலையில் திருத்தணியிலிருந்து சென்னைக்குக் கிளம்பும் மின்சார ரயிலின் பெண்கள் பெட்டி. பாரிமுனையில் ஓர் ஆடிட்டர் அலுவலகத்தில் எனக்கு வேலை. வண்டி எங்கள் ஊரிலேயே புறப்படுவதால் உட்கார இடம் கிடைத்துவிடும். கிருத்திகைக்கு மறுநாள் மட்டும் மொட்டைத் தலையில் சந்தனம் பூசிய குடும்பங்கள் பிரசாதப் பையோடு நிறைந்து கிடக்கும், அன்றைக்கு நாங்கள் நின்றபடி போவோம். மற்ற நாட்களில் ஜன்னலோரம் எதிரெதிரே இரண்டு இருக்கைகள் எங்கள் கூட்டத்துக்கு என்று ஆகிவிட்டிருந்தன.

அந்தக் கூட்டத்தில் ஒரு சட்டம் உண்டு. ஒரு நாவலை நல்ல நாவல் என்று சும்மா சொல்லிவிட்டுப் போக முடியாது. கதையை வாயால் சொல்ல வேண்டும். அரக்கோணத்தில் வண்டி நகர்ந்ததும் ஆரம்பித்து மணவூர் வந்ததும் நிறுத்திவிட வேண்டும். மணவூரில் கீரைக்கூடைகளோடு பெண்கள் ஏறி நடைவழியெல்லாம் உட்கார்ந்துவிடுவார்கள், அதன் பிறகு யார் பேசுவதும் யாருக்கும் கேட்காது. அதனால் கதாநாயகன் கிணற்றில் பாதியில் தொங்கிக்கொண்டிருந்தாலும் சரி, மணவூர் வந்தால் வாயை மூட வேண்டும். அப்போது யாராவது "அப்புறம்?" என்று கேட்டால் புத்தகம் அவர் கைக்குப் போகும். ஒருவரும் கேட்கவில்லையென்றால் புத்தகம் பைக்குள் திரும்பிவிடும், அதற்காக யாரும் முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்ளக் கூடாது. பள்ளிக்கூடத்தோடு படிப்பை மறந்த பெண்கள்கூட இந்தச் சட்டத்தால் முந்நூறு பக்க நாவல்களை முடித்திருக்கிறார்கள்.

அந்தக் கூட்டத்தில் ஒருத்தி பெரம்பூரில் ஒரு மூக்குக்கண்ணாடிக் கடையில் வேலை பார்த்தாள். என்னைவிடப் பத்து வயது சின்னவள். வீட்டுக்காரர் திருத்தணியில் அரக்கோணம் ரோட்டில் பைக் மெக்கானிக். ஷெட்டுக்கு மேல் மாடியில் வீடு. ஒரே மகள். பெட்டிக்குள் ஏறியதும் புர்காவின் முகத்திரையைத் தூக்கிப் பின்னால் போட்டுக்கொண்டு, டிபன் பையை மடியில் வைத்து, "இன்னிக்கு யாருக்கா?" என்று கேட்பாள். யார் கதை சொல்லும் முறை என்று அர்த்தம். எங்கள் கூட்டத்தில் நான் சொன்னதை எதிர்த்துப் பேசுகிற ஒரே ஆள் அவள்தான். அதனாலேயே எனக்கு அவளைப் பிடித்துப்போயிற்று.

காதல் கதைகளில் அவளுக்குக் கல்யாணத்தோடு முடிகிறவை பிடிக்காது. கரும்பு ஆலையில் லாரிகளை எடை போடுகிற ஒரு பெண்ணுக்கும் ஒரு லாரி டிரைவருக்கும் நடக்கும் காதலைப் பற்றி ஒரு நாவல் சொன்னேன். பாதிக் கதையிலேயே கல்யாணம் முடிந்து, மீதி முழுக்க இருவரும் சண்டை போடுகிறார்கள். "இது உண்மையான லவ் ஸ்டோரிக்கா, எடு அத" என்று மணவூர் வருவதற்கு முன்பே கையை நீட்டினாள்.

ஸ்டீம்பங்க் என்று ஒரு வகை இருக்கிறது என்று நான் சொன்ன அன்றைக்கு எல்லோரும் என்னை ஒரு மாதிரி பார்த்தார்கள். "கரண்டே கண்டுபிடிக்கலன்னு வெச்சுக்கோங்க. விளக்கு, வண்டி, பறக்கிற கப்பல், எல்லாம் நீராவியிலயே ஓடுது" என்று விளக்கினேன். அந்த நேரம் பார்த்து சிக்னலுக்காக வண்டி நின்றது. "அப்போ இந்த வண்டி இந்நேரம் திருவள்ளூர் தாண்டியிருக்கும்" என்றாள் அவள். துறைமுக நகரம் ஒன்றில் கை இழந்தவர்களுக்குப் பித்தளைக் கை செய்து கொடுக்கிற பெண்ணின் கதை அது. அவள் எடுத்துப்போய் வீட்டுக்காரருக்கும் மகளுக்கும் கொடுத்திருக்கிறாள். திரும்பி வந்தபோது பக்கத்துக்குப் பக்கம் கிரீஸ் பிடித்த கட்டைவிரல் ரேகை. வேறு யாராக இருந்தாலும் கிழித்துத் தொங்கவிட்டிருப்பேன். அன்றைக்கு என்னவோ சிரித்துவிட்டேன்.

மாயக்கதைகள் அவள் சொல்லித்தான் கேட்க வேண்டும். ஒரு மலை தினமும் ஓர் அடி கடலை நோக்கி நகர்கிறது, அடிவாரத்து ஜனங்கள் வீடுகளைக் கழற்றிக்கொண்டு அதன் பின்னால் போய்க்கொண்டே இருக்கிறார்கள் என்று ஒரு நாவல். "நம்ம மலை நகந்தா எந்தப் பக்கம் போவும்?" என்று யாரோ கேட்டார்கள். "எந்தப் பக்கமாவது போவட்டும், ஆந்திரா பக்கம் மட்டும் போவக் கூடாது, திருத்தணிய மீட்கற போராட்டம் மறுபடியும் மொதல்ல இருந்தா!" என்றாள். கே.ஜி.கண்டிகையிலிருந்து பஸ் பிடித்து வந்து எங்களோடு ஏறுகிற தெலுங்கு அம்மா ஒருவர் இருந்தார், அவருக்குச் சிரித்துச் சிரித்துக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது.

பக்திக் கதைகளை அவளிடம் கொடுக்க முதலில் தயங்கினேன். காவடி எடுக்க நேர்ந்துகொண்டு முப்பது வருடம் தள்ளிப்போடுகிற ஒரு மனிதனின் கதையைச் சொல்லிவிட்டுப் புத்தகத்தைப் பைக்குள் வைக்கப் போனேன். "ஏங்க்கா, நான் படிச்சா முருகன் கோச்சுக்குவாரா?" என்று பிடுங்கிக்கொண்டாள். பதிலுக்கு, தர்காவில் விளக்கேற்றுகிற விதவை ஒருத்தியின் கதையை எனக்குக் கொடுத்தாள். அதைப் படித்துவிட்டு இரண்டு நாள் எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை. சாமி கதைகளில் எங்கள் இருவருக்கும் ஒரே தீர்ப்புதான். "சாமி கரெக்ட் டைமுக்கு வந்துட்டா கத படுத்துடும்க்கா" என்பாள்.

மழைக்காலத்தில் ஒரு நாள், தன் முறை இல்லாத போதே, "இன்னிக்கு நான் சொல்றேன்" என்றாள். கையில் புத்தகம் இல்லை. பைக்குள் இருக்கும் என்று நினைத்துக்கொண்டோம்.

"துணிக்கடையில வேல பாக்கற ஒருத்தி. அவளுக்கு வயித்து வலி. நேரத்துக்குச் சாப்புடறதில்ல, அதான்னு புருஷன் திட்டிகினே இருக்கான். இவளும் டானிக் குடிச்சிகினு வேலைக்குப் போயினு இருக்கா. ஒரு நா ஸ்கேன் எடுக்கச் சொல்றாங்க. டாக்டர் அந்தப் படத்த லைட்ல வெச்சுப் பாக்கறாரு. பாத்துட்டு, 'கூட யாரும்மா வந்திருக்காங்க'ன்னு கேக்கறாரு. 'நான்தான் சார் வந்திருக்கேன்'னு இவ சொல்றா. டாக்டர் எழுந்து போயி கதவச் சாத்திட்டு வர்றாரு."

மணவூர் வந்துவிட்டது. அவள் நிறுத்திவிட்டாள்.

"தர்வாத்த? அப்புறம் ஏமாச்சு?" என்று தெலுங்கு அம்மா தெலுங்கும் தமிழுமாகக் கேட்டார். "புருஷன் வேற கல்யாணம் பண்ணிக்குவான், வேறென்ன" என்றாள் ஒருத்தி. எல்லோரும் சிரித்தோம், நானும்தான். கதவைச் சாத்திவிட்டு வருகிற அந்த இடம் நன்றாக எழுதப்பட்டிருக்கிறது என்று எனக்குத் தோன்றியது. அதை வாய்விட்டுச் சொல்லவும் செய்தேன். "புக்க எடு, நான்தான் மொதல்ல" என்று கையை நீட்டினேன்.

"புக்கு இல்லக்கா. ஸ்கேன்தான் இருக்குது" என்று டிபன் பைக்குப் பின்னாலிருந்து பெரிய கவர் ஒன்றை எடுத்தாள்.

கீரைக்கூடைகள் ஏறின. நீட்டிய கையை எங்கே வைப்பது என்று எனக்குத் தெரியவில்லை. கடம்பத்தூரில் தெலுங்கு அம்மா எழுந்து அவள் பக்கத்தில் போய் உட்கார்ந்து அவள் முதுகைத் தடவிக்கொண்டே வந்தார்.

நோய் வயிற்றில் முற்றிப்போயிருந்தது. அறுக்கிற கட்டத்தைத் தாண்டிவிட்டது, மருந்தில் கொஞ்ச காலம் தள்ளலாம் என்று சொல்லியிருந்தார்கள். வீட்டுக்காரருக்குத் தெரியும். மகளுக்கு மட்டும் அல்சர் என்று சொல்லி வைத்திருந்தார்கள். அந்தப் பெண் அந்த வருடம் ப்ளஸ் டூ. எங்கள் பக்கத்தில் ப்ளஸ் டூ பிள்ளை இருக்கிற வீட்டில் பரீட்சை முடிகிறவரைக்கும் சாவு வாசலில் வந்து நின்றாலும், சற்றுப் பொறு என்றுதான் சொல்வார்கள்.

சில நாள் கழித்து திருத்தணி பிளாட்பாரத்தில் வண்டிக்குக் காத்திருந்தபோது என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள்.

"அக்கா, எனக்கு ஒரு புக்கு வேணும்."

"என்ன மாதிரி?"

"அதுல அம்மா சாவணும்" என்றாள். "பொண்ணு இருக்கணும். அந்தப் பொண்ணு பைத்தியம் புடிச்சித் திரியக் கூடாது. ராணியாவும் ஆவக் கூடாது. அடுத்த நாளு எழுந்து, பல்லு வெளக்கி, சோறு துன்னு, சாதாரணமா இருக்கணும். அவ்ளோதான்."

டிபன் பையை மடிக்கு இழுத்து வைத்துக்கொண்டு தொடர்ந்தாள்.

"எக்ஸாம் முடிஞ்சதும் அத எம் பொண்ணுகிட்ட குடுப்பேன். படிச்சிட்டு எங்கிட்ட ஏதாவது கேப்பா இல்ல? அப்ப சொல்லிடுவேன். நேரா சொல்ல வாயே வர்லக்கா. ரெண்டு வாட்டி ஆரம்பிச்சேன், சால்னால உப்பு பத்தலன்னு சொல்லிட்டு எழுந்துகினேன்."

"ஒரு வாரம் குடு, கொண்டாந்துடறேன்" என்றேன். அந்த நேரத்தில் எனக்கு வருத்தத்தைவிடப் பெருமைதான் அதிகமாக இருந்ததோ என்னவோ. என்னிடம் இத்தனை பெரிய புத்தகத்தை அதுவரை யாரும் கேட்டதில்லை. என் வீட்டு அலமாரியிலேயே பத்தாவது இருக்கும் என்று நினைத்தேன்.

ஒன்றுகூட இல்லை. காதல் நாவல்களில் அம்மாக்கள் முதல் பக்கத்துக்கு முன்னாலேயே செத்துப்போயிருந்தார்கள். சுவரில் மாலை போட்ட படமாக மட்டும் இருந்தார்கள். மாயக்கதைகளில் மகள் வீட்டை விட்டுக் கிளம்ப வேண்டும் என்பதற்காகவே அம்மா சாகிறாள், சாகும்போது ஒரு மோதிரத்தைக் கொடுத்துவிட்டுப் போகிறாள். நீராவி நாவல் ஒன்றில் அப்பா விஞ்ஞானி, செத்த மனைவியைப் போலப் பித்தளையில் ஒருத்தியைச் செய்து மகளுக்குத் தலை பின்னிவிட வைக்கிறார். பக்தி நாவல்களில் அம்மா வெளிச்சத்துக்குள் சிரித்துக்கொண்டே நடந்து போய்விடுகிறாள். மறுநாள் காலையில் அந்த வீட்டில் யார் பால் வாங்கினார்கள் என்று ஓர் ஆசிரியருக்கும் கவலையில்லை. இத்தனை வருடமாக நான் கொண்டாடிக்கொண்டிருந்தது இதைத்தானா என்று ஆத்திரம் ஆத்திரமாக வந்தது.

விடவில்லை. சனிக்கிழமைகளில் அலுவலகம் முடிந்ததும் பழைய புத்தகக் கடைகளில் குந்தித் தேடினேன். நூலகங்களில் உறுப்பினர் ஆனேன். மொழிபெயர்ப்புகளையும் விட்டுவைக்கவில்லை. போகும்போது ஒன்று, வரும்போது ஒன்று என்று ரயிலில் படித்தேன். கதை சொல்லுகிற என் முறை வந்தபோதெல்லாம் மற்றவர்களுக்கு விட்டுக்கொடுத்துவிட்டேன்.

பொங்கலுக்குப் பிறகு அவளால் வேலைக்கு வர முடியவில்லை. ஞாயிற்றுக்கிழமைகளில் நான் போவேன். கீழே ஷெட்டில் பைக்கை முறுக்கிப் பார்க்கிற சத்தம், புகை. மாடியில் முன்னறையில் அவள் கட்டில். உள்ளறையில் மகள் பாடத்தை உரக்கப் படித்துக்கொண்டிருப்பாள். எனக்கு டீ கொண்டு வந்து வைத்துவிட்டு, "நல்லா இருக்கீங்களா ஆன்ட்டி" என்று கேட்டுவிட்டுத் திரும்பப் போய்விடுவாள். அந்தப் பெண்ணின் முதுகு மறைந்ததும் அவள் என் பையைத்தான் பார்ப்பாள்.

"கெடச்சுதா?"

நான் கொண்டு போனவற்றில் இதையாவது சரி என்று சொல்லிவிட மாட்டாளா என்று இருக்கும். அவள் இரண்டு நாளில் படித்துவிட்டு அடுத்த ஞாயிறு தீர்ப்பு சொல்வாள். "இவ அழுவறது ரொம்ப அழகா இருக்குதுக்கா, சினிமா மாதிரி." "இவ மறுநாளே வீரமாயிட்டா. எங்க இருந்து வந்துச்சு அவ்ளோ வீரம்?" ஒரு நாவலை மட்டும் ஏறக்குறைய ஒப்புக்கொண்டாள். அதில் அம்மா செத்த மறுநாள் மகள் உலை வைக்கிறாள், சோறு குழைந்துவிடுகிறது, அதையே எல்லோரும் பேசாமல் சாப்பிடுகிறார்கள். அந்தப் பக்கத்தை எனக்கு வாசித்தும் காட்டினாள். ஆனால் கடைசியில் அந்த மகள் வெளிநாட்டில் படிப்பு கிடைத்து விமானம் ஏறிவிடுகிறாள். "கெடுத்துட்டாங்க" என்று தலையணைக்கு அந்தப் பக்கம் போட்டுவிட்டாள்.

எங்களுக்கு அது பிடித்துத்தான் இருந்தது, அதையும் சொல்ல வேண்டும். உள்ளே மகள் கரிம வேதியியலை உருப்போட்டுக்கொண்டிருக்க, நாங்கள் தாழ்ந்த குரலில் இந்தக் கதாநாயகிகளை அலசிக்கொண்டிருப்போம். அவள் முகத்தில் அந்த ஒரு மணி நேரம் வலி தெரியாது. அதைப் பார்த்துவிட்டு நான் அடுத்த ஞாயிறுக்கும் புத்தகம் தேடுவேன். ஒரு முறை மட்டும், "புக்கு இல்லாமயே சொல்லிப் பாரேன்" என்றேன். "நல்லதா ஒண்ணு கெடைக்கட்டும்க்கா" என்றாள். அதற்கு மேல் நான் வற்புறுத்தவில்லை. நல்லதாக ஒன்று கிடைக்கட்டும் என்றுதான் எனக்கும் இருந்தது.

பரீட்சைகள் முடிந்தன. அந்தப் பெண் நன்றாக எழுதியிருப்பதாகச் சொன்னாள். என் கையில் இன்னும் புத்தகம் இல்லை. கட்டிலில் கிடந்தவளுக்குப் பேசவே மூச்சு வாங்கியது, ஆனாலும் கண் என் பைக்குப் போனது. நான் பையைத் திறந்து காட்டினேன், உள்ளே குடையும் டிபன் பாக்ஸும்தான் இருந்தன.

அந்த வாரமே, சாயங்கால வண்டியில் திரும்பிக்கொண்டிருந்தபோது வீட்டுக்காரரிடமிருந்து போன் வந்தது. "மவுத்தாயிட்டாங்க" என்று மட்டும் சொன்னார். நான் போய்ச் சேர்வதற்குள் கபர்ஸ்தானுக்கு எடுத்துப் போயிருந்தார்கள். மாடி முழுக்கப் பெண்கள். நடுவில் எங்கோ அந்தப் பெண் இருந்தாள். யார் யாரோ அவளைக் கட்டிக்கொண்டிருந்தார்கள். என்னால் அவளிடம் போகவே முடியவில்லை. படிக்கட்டில் உட்கார்ந்து அழுதுவிட்டு வந்தேன்.

நாற்பதாம் நாள் பாத்திஹா முடிந்த பிறகு ஒரு ஞாயிறு போனேன். ஷெட் திறந்திருந்தது, வீட்டுக்காரர் தலையசைத்து மேலே கை காட்டினார். அந்தக் கட்டிலை எடுத்துவிட்டிருந்தார்கள். அந்தப் பெண் டீ போட்டுக் கொண்டு வந்தாள். இந்த முறை உள்ளே போகாமல் எனக்கு எதிரே தரையில் உட்கார்ந்தாள்.

"அம்மா கடைசி ரெண்டு நாளும் உங்களத்தான் கேட்டுகினே இருந்தாங்க ஆன்ட்டி. புக்கு கெடச்சுதான்னு போன் பண்ணிக் கேளுன்னாங்க. என்ன புக்கு அது?"

சொன்னேன். எதற்காகக் கேட்டாள், யாருக்குக் கொடுப்பதற்காகக் கேட்டாள், ஏன் கிடைக்கவில்லை, எல்லாவற்றையும் சொன்னேன். அவள் குறுக்கே பேசாமல் கேட்டாள். அவள் அம்மா இத்தனை நேரம் குறுக்கே பேசாமல் இருந்ததில்லை.

"எனக்குத் தெரியும் ஆன்ட்டி" என்றாள். "ஜனவரியிலயே தெரியும். மாத்திர அட்டையில இருந்த பேர போன்ல போட்டுப் பாத்தேன். அவங்களே சொல்லுவாங்கன்னு வெயிட் பண்ணிகினு இருந்தேன். நானா கேட்டா, எக்ஸாம் நேரத்துல இவளுக்குத் தெரிஞ்சிடுச்சேன்னு வருத்தப்படுவாங்கன்னு கேக்கல. நீங்க வந்துட்டுப் போனா அம்மா சிரிச்சிகினு இருப்பாங்க. சரி, எல்லாத்தையும் உங்ககிட்ட பேசறாங்கன்னு நெனச்சேன்."

நான் குடித்து வைத்த டம்ளரைக் கையில் எடுத்துக்கொண்டு கேட்டாள்.

"என்னப் பத்தி என்ன சொன்னாங்க?"

எத்தனை ஞாயிறுகள். நான் ஒவ்வொன்றாக நினைத்துப் பார்த்தேன். பித்தளை அம்மா தலை பின்னிவிட்ட பெண்ணைப் பற்றிப் பேசியிருந்தோம். மோதிரத்தோடு காட்டுக்குள் போனவளைப் பற்றி, விமானம் ஏறியவளைப் பற்றி, அழகாக அழுதவளைப் பற்றிப் பேசியிருந்தோம். அந்தப் பெண் டம்ளரைக் கையில் வைத்துக்கொண்டு என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள். ஏதாவது ஒரு வாக்கியத்தை நானே செய்து கொடுத்துவிடலாம் என்று ஒரு கணம் நினைத்தேன். அவள் முகத்தைப் பார்த்த பிறகு அது முடியவில்லை.

"புக்கப் பத்திதாம்மா பேசினோம்" என்றேன்.

"அவ்ளோதானா ஆன்ட்டி?"

ஆமாம் என்றேன்.